அந்த மழைநாள் ஆட்டத்துக்கு எத்தனை பேர் வந்திருந்தோம்?

ஆஸ்டின்டவுன்காரன் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற மாதம் இளைய மகனோடு ஒரு கால்பந்து ஆட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஆட்டம், எந்த மைதானம் என்பதை விடுங்கள், என் வருத்தம் அதைப்பற்றியது அல்ல. ஆட்டக்காரர்கள் இறங்குவதற்கு முன்பிருந்தே ஸ்பீக்கரில் ஒருவர், "சத்தம் போதவில்லை, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரிய திரையில் கைதட்டச் சொல்லி எழுத்து ஓடியது. மக்களும் தட்டினார்கள், கல்யாணத்தில் போட்டோக்காரர் சொன்னதும் சிரிப்பதைப்போல. கோல் விழுந்த நேரத்தில் என் பக்கத்து இருக்கை இளைஞர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். கோலை அவர் பார்க்கவே இல்லை.

நான் வளர்ந்தது பெங்களூருவின் ஆஸ்டின் டவுனில். நந்தன் மைதானத்துப் புழுதியில் ஆடிவிட்டு, அதே காலோடு அசோக்நகர் கால்பந்து மைதானத்துக்கு நடந்துபோவோம். எழுபதுகளின் கடைசி. விமானத் தொழிற்சாலையின் எச்.ஏ.எல்., தொலைபேசித் தொழிற்சாலையின் ஐ.டி.ஐ., ராணுவப் பொறியாளர் படையின் எம்.இ.ஜி. என்று அணிகளின் பெயரைச் சொன்னாலே எந்தத் தெரு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியதும் தொழிலாளர்கள் நேராகச் சைக்கிளில் வருவார்கள், டிபன் கேரியர் கைப்பிடியில் தொங்கும். கேலரியில் யாரும் யாரையும் கத்தச் சொன்னதில்லை. தமிழில் தொடங்கும் வசை கன்னடத்தில் வளர்ந்து தக்கினி உருதுவில் முடியும். அதைக் கேட்கவே ஒரு கூட்டம் வரும்.

1979-இல் ஒரு மழைநாள். எங்கள் தொழிற்சாலை அணிக்கும் ஒரு ராணுவ அணிக்கும் ஆட்டம். பத்தாயிரம் பேராவது இருந்திருப்பார்கள். கடைசி நிமிடத்தில் எங்கள் இடது விங்கர் அடித்த கோலை, ஆஃப்சைடு என்று கொடி தூக்கிக் கெடுத்தார் ஒரு லைன்ஸ்மேன். அப்போது எழுந்த ஊளை மேயோ ஹால் வரை கேட்டிருக்கும். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் என் காதில் இருக்கிறது. இன்று அப்படி ஒரு சத்தத்தை எந்த மைதானத்திலாவது யாராவது கேட்டிருக்கிறீர்களா?


மேற்குவரிசை19

கேட்டிருக்கிறேன் ஐயா. 2016 அக்டோபர் 19, நம் ஊர் ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். ஆசிய கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதி, எங்கள் பெங்களூரு எஃப்.சி.க்கு எதிரே நடப்புச் சாம்பியன், மலேசியாவின் ஜோகூர். முதலில் கோல் வாங்கியது நாங்கள்தான். இடைவேளைக்குச் சற்றுமுன் எங்கள் தலைவர் சுனில் சேத்ரி தலையால் முட்டிச் சமன் செய்தார், பிறகு இன்னொன்று, அதன்பின் ஹுவானன். 3-1. ஓர் இந்திய அணி முதல்முறையாக அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போனது. அன்று எந்த ஸ்பீக்கரும் எங்களைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எங்கள் காதில் விழுந்திருக்காது.

இன்னொன்று. மேற்குப் பகுதியில் எங்களில் ஒருவர் தொண்ணூறு நிமிடமும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று பாட்டு எடுத்துக்கொடுப்பார். அவரும் கோலைப் பார்ப்பதில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கோல் விழுந்ததைத் தெரிந்துகொள்வார். ஆகையால் முதுகைக் காட்டுபவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர்.

"அந்தக் காலத்தில்" என்ற பேச்சை இங்கிலாந்துக்காரர்களும் விடாமல் பேசுவார்கள். அங்கே லீக் ஆட்டங்களைப் பார்க்க 1948-49-இல் 4 கோடியே 10 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். 1985-86-இல் அது சுமார் 1 கோடியே 65 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. இன்று பலர் உருகி உருகி நினைத்துக்கொள்ளும் எண்பதுகள், கேலரிகள் காலியாகிக்கொண்டிருந்த காலம். நின்று பார்க்கும் படிகள் நிரம்பி வழிந்த படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள், வெறும் படிகளை யாரும் படமெடுக்கவில்லை.


சென்னைமனம்_பெங்களூருவாடகை

கண்டீரவாவின் சத்தத்தைப் பற்றி என்னிடம் கேளுங்கள். 2018 மார்ச் 17, ஐ.எஸ்.எல். என்னும் இந்தியன் சூப்பர் லீக் இறுதி. பெங்களூருவின் சொந்த மைதானம், எதிரே எங்கள் சென்னையின் எஃப்.சி. அலுவலக நண்பர்கள் வாங்கித்தந்த டிக்கெட் என்பதால் நீலக் கடலின் நடுவே மாட்டிக்கொண்டேன். ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி கோல் அடித்தபோது வந்த சத்தம் உண்மையிலேயே மார்பில் மோதியது. பிறகு மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை கார்னரைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். இரண்டு முறையும் நான் செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டு சிரித்தேன். மூன்றாவதை ரஃபேல் அகுஸ்டோ அடித்தபோது குனியவும் தெம்பில்லை. 3-2. அந்த மைதானம் அடங்கிப்போனதே, அந்த அமைதிதான் நான் ஒரு ஸ்டேடியத்தில் கேட்ட மிகப் பெரிய சத்தம்.

அதே ஆண்டு ஜூனில் மும்பையில் இந்தியா 5-0 என்று வென்ற ஆட்டத்துக்குச் சுமார் 2,500 பேர்தான் வந்திருந்தார்கள். "எங்களைத் திட்டுவதற்காகவாவது வாருங்கள்" என்ற பொருளில் இந்திய அணித் தலைவரே வீடியோவில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது. இதில் எது நம் கால்பந்தின் கூட்டம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டும்தான் போலும்.


கௌதமபுரத்துப்பெண்

ஆஸ்டின்டவுன் அண்ணா, நீங்கள் சொல்லும் கேலரியில் என் அப்பா இருந்திருப்பார். நான் ஒருநாளும் இருந்ததில்லை. என் அம்மாவும் இருந்ததில்லை. உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன், அதில் ஒரு பெண்கூட வரவில்லை.

அல்சூர் கௌதமபுரம் என்றால் கால்பந்து தெரிந்தவர்களுக்குப் போதும். அம்பேத்கருக்கும் புத்தருக்கும் அன்னை தெரசாவுக்கும் சிலை இருக்கும் எங்கள் பேட்டையில் பெலேவுக்கும் சிலை இருக்கிறது. உலகக் கோப்பை மாதம் வந்தால் பொங்கலைவிடத் தோரணம் அதிகம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகம், ஆசியாவின் பெலே என்று பேர் வாங்கிய பூங்கம் கண்ணன் என்று இந்த ஊர்த் தமிழ் ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சொல்லித்தான் அப்பா எனக்குச் சோறு ஊட்டினார். பன்னிரண்டு வயதுவரை பையன்களோடு ஆடினேன். பிறகு பந்தை வாங்கி அலமாரிமேல் வைத்துவிட்டார்கள், வைத்தவரும் அதே அப்பாதான்.

தொண்ணூறுகளில் தோழிகள் மூவரும் சேர்ந்து நகரத்தில் ஒரு மைதானத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். பெண்கள் கழிப்பறைக் கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்கப் போன இடமெல்லாம் சிரிப்பு. நீங்கள் ரசித்ததாகச் சொல்லும் அந்த மும்மொழி வசை இருக்கிறதே, அதில் பாதி எங்கள் பக்கம் திரும்பியது. இடைவேளைக்கே வீடு திரும்பிவிட்டோம். எந்த அணி வென்றது என்றுகூட நினைவில்லை.

2023 ஜூலை 4, தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பை இறுதிக்கு என் மகளோடு கண்டீரவா போனேன். குவைத்தோடு 1-1, பெனால்டியில் கடைசி உதையை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்ததும் அவள் இருக்கைமேல் ஏறி நின்று கத்தினாள். பதினான்கு வயது. ஸ்பீக்கர் எனக்கும் எரிச்சல்தான் அண்ணா. ஆனாலும் அந்தக் கேலரிக்குத் திரும்பிப் போகலாம் என்று நீங்கள் கூப்பிட்டால் நான் வரமாட்டேன்.


ஆஸ்டின்டவுன்காரன்

தங்கச்சி, பெண்கள் இல்லாததை நான் கவனிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. வசையைப் பற்றியும் நீங்கள் சொன்னது உறைத்தது.

ஆனால் தம்பி மேற்குவரிசை இங்கிலாந்துக் கணக்கைக் காட்டி என் மழைநாளைக் கழித்துவிட முடியாது. எங்கள் சத்தம் பெரியது. அது மட்டும் நிச்சயம்.


ஒலிப்பெட்டி

நான் ஒலி அமைப்புத் தொழிலில் இருப்பவன், வைட்ஃபீல்டு. கால்பந்து சுமாராகத்தான் தெரியும், சத்தம் நன்றாகத் தெரியும்.

பெரியவர் நினைவில் இருப்பது வெறும் ஏக்கம் இல்லை, அதில் கொஞ்சம் இயற்பியலும் இருக்கிறது. திறந்த வெளியில் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் சத்தம், தூரம் இரு மடங்கானால் சுமார் 6 டெசிபெல் குறையும். அசோக்நகர் கால்பந்துக்கென்றே உள்ள மைதானம், கேலரி கோட்டின் அருகில் இருக்கும். கண்டீரவா தடகள ஸ்டேடியம். ஆட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவே எட்டுப்பேர் ஓடும் தடம் கிடக்கிறது, கோல்போஸ்டுக்குப் பின்னால் வளைவில் இன்னும் தூரம். கூரை இல்லாத பகுதியில் பாதிச் சத்தம் வானத்துக்குப் போய்விடும். பெங்களூரு எஃப்.சி. அப்போதைய தேசிய லீக்கான ஐ-லீக்கில் தன் முதல் பருவத்தை, 2013-14-இல், அசோக்நகரில்தான் ஆடியது. சில ஆயிரம் பேர்தான் கொள்ளும். ஆனால் அந்தச் சில ஆயிரம், கண்டீரவாவின் பத்தாயிரத்துக்கு ஈடாகக் கேட்டிருக்கும்.

ஸ்பீக்கரில் என்ன தவறு என்றால் அதன் உரக்கம் அல்ல. கூட்டத்தின் சத்தம் ஆட்டத்தோடு ஏறி இறங்கும். கார்னர் எடுக்க ஆள் ஓடும்போது ஒரு முணுமுணுப்பு கிளம்பும், பந்து காற்றில் இருக்கும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், பிறகுதான் வெடிக்கும். ஸ்பீக்கர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. அந்த மூச்சைப் பிடிக்கும் ஒரு நொடியை அது தின்றுவிடுகிறது. மௌனம் இருந்தால்தான் சத்தத்துக்கு உயரம்.

கோவிட் காலத்தில் காலி ஸ்டேடியங்களில் ஆட்டம் நடந்தது நினைவிருக்கும். நம் ஐ.எஸ்.எல். 2020-21 பருவம் முழுவதும் கோவாவில் ரசிகர்கள் இல்லாமலேயே நடந்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள், சொந்த ஊர் அணிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சாதகம் சுருங்கியதையும், வெளியூர் அணிகள் வாங்கும் மஞ்சள் அட்டைகள் குறைந்ததையும் கண்டார்கள். கூட்டத்தின் சத்தம் ரெஃப்ரியின் கையைக்கூடத் தொடுகிறது.


இரண்டாம்பாதி

என் அப்பா ரயில்வே. நான் வளர்ந்தது கொல்கத்தாவில், வேலை பெங்களூருவில். சத்தத்துக்கு நம்பர் வேண்டுமென்றால் 1997 ஜூலை 13, கொல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியம். ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. ஈஸ்ட் பெங்காலின் பைச்சுங் பூட்டியா மூன்று கோல். 1,31,000-க்கும் மேற்பட்டோர் பார்த்த ஆட்டம் என்று பதிவு. 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக அங்கே தனி இருக்கைகள் போட்டபின் அத்தனை பேர் இனி உள்ளே போகவே முடியாது. பழைய ஆட்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவார்கள்.

அவர்களே இன்னொரு தேதியைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். அதே இரண்டு அணிகள். களத்தில் இருவருக்குள் தகராறு, கேலரியில் பற்றிக்கொண்டது, நெரிசலில் 16 பேர் திரும்பி வரவில்லை. அப்பா அன்று போக வேண்டியவர், இரவுப் பணி மாற்றிப் போட்டதால் போகவில்லை. அதன்பின் எங்களை அவர் மைதானத்துக்கு அழைத்துப்போனதே இல்லை, ரேடியோதான்.

இங்கிலாந்தில் நின்று பார்க்கும் படிகளை யாரோ விளம்பரக்காரர் வந்து எடுத்துவிடவில்லை. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 உயிர்கள் போயின, அதை விசாரித்த டெய்லர் அறிக்கை வந்தது, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை கட்டாயமானது. சத்தம் குறைந்தது உண்மை. பாதுகாப்பான கம்பித் தடுப்போடு மீண்டும் நின்று பார்க்க அங்கே 2022-இல்தான் அனுமதி திரும்பியது. ஜெர்மனியில் டார்ட்மண்டின் தெற்குக் கேலரியில் இன்றும் லீக் ஆட்டத்துக்குச் சுமார் 25,000 பேர் நிற்கிறார்கள். ஆகவே நெரிசல் இல்லாமல் நிற்கவும் முடியும், கத்தவும் முடியும்.

நாம் தூரமாகப் போக வேண்டியதில்லை. கண்டீரவாவிலிருந்து நடக்கும் தூரத்தில் 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அது கிரிக்கெட். ஆனாலும் "அந்தக் காலத்தில் யாரும் வரிசையில் நிற்கச் சொன்னதில்லை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.


பழையகொடி

இந்த இழையைப் பேத்திதான் காட்டினாள். எழுதவும் அவள்தான் உதவுகிறாள், பிழையிருந்தால் அவளைச் சொல்லுங்கள்.

ஆஸ்டின்டவுன்காரரே, நான் இருபத்திரண்டு ஆண்டுகள் மாவட்ட லீக்கில் ரெஃப்ரியாகவும் லைன்ஸ்மேனாகவும் இருந்தவன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரவில் நோட்டில் நான்கு வரி எழுதிவைப்பேன்: மைதானம், எச்சரிக்கை, கூட்டம், பஸ் செலவு. டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 1979, மழை, தொழிற்சாலை அணிக்கும் ராணுவ அணிக்கும் ஆட்டம், கடைசி நிமிடம், இடது விங்கர். அந்தக் கொடியைத் தூக்கியவன் நான்தான்.

நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்: "கோடுகள் மழையில் இரண்டு முறை அழிந்தன. கூட்டம் 600 இருக்கலாம், இடைவேளையில் பாதி. கடைசியில் ஆஃப்சைடு. கல் ஒன்று, செருப்பு இரண்டு. பஸ் கிடைக்கவில்லை, நடை."

செருப்பில் ஒன்று புதியது. திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. உடைமாற்றும் அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, மைதானக் காவலாளியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். உங்கள் காதில் இருக்கும் அந்த ஊளை என் காதிலும் இருக்கிறது. பல ஆண்டுகள் அது கனவில் வந்தது.

பெரிய கூட்டம் வந்த நாட்கள் இல்லாமல் இல்லை, என் நோட்டிலேயே இருக்கின்றன. ஆனால் நூறு ஆட்டத்தில் எண்பது ஆட்டம், இரண்டு அணிகளின் உறவினர்கள், ஓய்வுபெற்ற நான்கைந்து பேர், கடலைக்காய் விற்பவர், ஒரு நாய். அப்போதும் இளைஞர்களைக் காணோம் என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஐம்பதுகளில் கூட்டம் எப்படி இருந்தது தெரியுமா என்று எங்களுக்குச் சொல்வார்கள்.

என் வருத்தம் வேறு. 2023 மார்ச் 3 அன்று கண்டீரவாவில் விசில் ஊதும் முன்பே சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக் கோலும், அதை எதிர்த்துக் கேரள அணி களத்தைவிட்டு வெளியேறியதும் ஊரெல்லாம் பேச்சு. மறுநாள் ரியாத்தில் கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று வென்று, மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை எடுத்தது. 1968-69-இல் மைசூர் என்ற பெயரில் வென்றபின் 54 ஆண்டுகள் கழித்து. என் தெருவில் அதைச் சொல்லி யாரிடமாவது மகிழலாம் என்று போனேன், எல்லோரும் ஃப்ரீ கிக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் பேசினேன். விசில் ஊதாமல் ஆடலாமா என்ற கேள்விக்கு என்னை விட்டால் யார் பதில் சொல்வது?


சென்னைமனம்_பெங்களூருவாடகை

கல் ஒன்று, செருப்பு இரண்டு. இந்த இழையின் தலைப்பை இப்படி மாற்றிவிடலாம்.


ஆஸ்டின்டவுன்காரன்

ஐயா, வணக்கம். உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை.

ஓசூரில் இருக்கும் அண்ணனுக்கு போன் செய்தேன். அன்று என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனவர் அவர். பத்தாயிரமா என்று கேட்டுச் சிரித்தார். நாங்கள் முதல் பாதியே பார்க்கவில்லையாம். டிக்கெட்டுக்குக் காசில்லை. இடைவேளைக்குப் பிறகு கேட்டில் இருந்தவர் பையன்களைச் சும்மா விடுவார், அதுவரை வெளியே மழையில் மரத்தடியில் நின்றோமாம். எனக்கு அது கொஞ்சமும் நினைவில்லை. எனக்கு எட்டு வயது. முன்னால் நின்ற இருபது முதுகுகள்தான் என்னுடைய பத்தாயிரம் பேர் என்று நினைக்கிறேன். பின்னால் யாரோ தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள், அது மட்டும் இருவருக்கும் நினைவிருக்கிறது.

அண்ணன் இன்னொன்று நினைவூட்டினார். ஆட்டம் முடிந்து திரும்பும்போது அந்த இடது விங்கர் எங்களுக்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், பூட்ஸ் இரண்டையும் கயிற்றால் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மறுநாள் காலையில் அவர் ரேஷன் கடை வரிசையில் நின்றார். அண்ணன் போய், "அது கோல்தான் அண்ணா" என்றார். அவர், "விடுடா, வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை" என்றார்.

மகனோடு போன ஆட்டத்தில் எனக்கு என்ன குறைந்தது என்று அந்த போனுக்குப் பிறகுதான் தெரிந்தது. சத்தம் குறையவில்லை. களத்தில் இருந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர் வீடும் எனக்குத் தெரியாது.


மேற்குவரிசை19

ஐயா, அந்த அனுபவம் முழுதாகப் போய்விடவில்லை. நம் ஊர் லீக்கின் சூப்பர் டிவிஷன் ஆட்டங்கள் இன்னும் அதே அசோக்நகரில் நடக்கின்றன. இப்போது செயற்கைப் புல், மழையில் கோடு அழியாது. எங்கள் ஏரியாவில் உணவு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் ஒரு அணியில் வலது பின்காப்பு ஆடுகிறான். ஆர்டர் கொடுக்க வந்தவனிடம் "நேற்று அந்த கிராஸை ஏன் விட்டாய்" என்று கேட்டேன், பாதி சாம்பார் கொட்டிவிட்டது. கூட்டம் நூறு பேர்கூட இருக்காது. ஸ்பீக்கரும் இருக்காது. வருகிற ஞாயிறு நான் போகிறேன், யார் வருகிறீர்கள்?


கௌதமபுரத்துப்பெண்

நானும் மகளும். கழிப்பறை பூட்டியிருந்தால் இதே இழையில் எழுதுவேன்.


ஒலிப்பெட்டி

டெசிபெல் மீட்டரோடு வருகிறேன். நூறு பேர் எவ்வளவு சத்தம் போட முடியும் என்று பார்த்துவிடலாம்.


ஆஸ்டின்டவுன்காரன்

வருகிறேன். கடலைக்காய் என் பொறுப்பு. 600 பேர் என்பதை ஒப்புக்கொண்டேன், முதல் பாதி பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன். ஆனால் பழையகொடி ஐயா, அது ஆஃப்சைடு இல்லை.


பழையகொடி

அரை கஜம் முன்னால் இருந்தார். ஞாயிறு நேரில் வாருங்கள், படியில் கடலைக்காயை வைத்துக் காட்டுகிறேன். செருப்பை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு ஷூ போட்டு வாருங்கள்.